தடை கைகளுக்குத்தான், பாதத்துக்கு அல்ல

"2010 விதிமாற்றத்தோடு ஜூடோவில் காலைத் தாக்குவதே தடையாகிவிட்டது, காலை வாரும் கலை செத்துவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். இது தவறு. சர்வதேசப் போட்டிகளில் தடைசெய்யப்பட்டது எதிராளியின் காலைக் கையால் பற்றித் தாக்குவது. 2010இல் சில விலக்குகளோடு வந்த அந்தத் தடை, 2013இல் முழுமையானது. இரு கைகளாலும் எதிராளியின் கால்களைப் பிடித்து வீழ்த்தும் மொரோத்தே காரி போன்றவை அதனால்தான் போயின. பாதத்தால் வாரும் தே ஆஷி ஹராய், ஒகுரி ஆஷி ஹராய் இரண்டும் இன்றும் முழுப் புள்ளி பெற்றுத் தருகின்றன.

ஜூடோவின் தலைமைப் பள்ளியான கோடோகான் 1920இல் திருத்தியமைத்த கோக்யோ என்னும் வீச்சுகளின் வரிசையில் முதல் வீச்சே தே ஆஷி ஹராய்தான். எதிராளி முன்வைக்கும் பாதத்தில் உடல் எடை இறங்கத் தொடங்கும் அந்த நொடியில் வார வேண்டும். சற்று முந்தினால் அவர் காலை எடுத்துக்கொள்வார். பிந்தினால் மரத்தை உதைத்தது போலிருக்கும். குள்ளமான, மெலிந்த உடல்வாகு கொண்ட ஜப்பானிய ஜூடோ ஆசான் கியூசோ மிஃபுனே, ஜூடோவின் உச்சத் தரநிலையான 10ஆம் டான் வரை உயர்ந்தவர். முதிய வயதில் அவர் இளைஞர்களை வீழ்த்தும் பழைய படச்சுருளைப் பாருங்கள். வலிமையைக் காட்டவே மாட்டார். நடந்துகொண்டே இருப்பார், எதிரே நின்றவர் தரையில் கிடப்பார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.