ஏரிப் பாசித் தண்ணீரை மண்புழுத் தொட்டிக்கு ஊற்றாதீர்கள்

ஏரியில் பச்சைப் பெயின்ட் கொட்டியது போலப் பாசி ஆடை படர்ந்ததும், "பாசிதானே, நல்ல உரம்" என்று வாரி வயலில் போடுகிறார்கள். அந்தத் தண்ணீரையே மண்புழு உரத் தொட்டிக்கும் தெளிக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

பெயர்தான் ஏமாற்றுகிறது. நெல்லுக்கு ஹெக்டேருக்கு 10 கிலோ போடச் சொல்லும் நீலப்பச்சைப் பாசி, அனபீனா, நாஸ்டாக் போல காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் வகை. சாக்கடையும் உரக்கழிவும் சேர்ந்த ஏரியில் பொங்குவது பெரும்பாலும் மைக்ரோசிஸ்டிஸ் என்ற வேறொரு நீலப்பச்சைப் பாசி. அது தழைச்சத்தைப் பிடிக்காது. அதில் பல ரகங்கள் மைக்ரோசிஸ்டின் என்ற ஈரல் நஞ்சை உண்டாக்கும். ஒரு குச்சியை விட்டுத் தூக்குங்கள். நூல் நூலாகத் தொங்கினால் சாதாரணப் பச்சைப் பாசி. பெயின்ட் போல ஒட்டினால் சந்தேகப்படுங்கள்.

நஞ்சு பெரும்பாலும் பாசியின் செல்லுக்குள் இருக்கிறது. செத்து உடையும்போதுதான் வெளியே கொட்டும். அதனால் மயில்துத்தம் போட்டுப் பாசியைக் கொன்றுவிட்டுப் பாய்ச்சுவது இன்னும் மோசம். மொத்த நஞ்சும் ஒரே மூச்சில் தண்ணீரில் கலக்கும்; மயில்துத்தத்தில் இருக்கும் செம்போ மண்ணிலேயே தங்கி மண்புழுவைத் தாக்கும். கொதிக்க வைத்தாலும் இந்த நஞ்சு போகாது. கரையில் காய்ந்த பாசி ஆடையில் ஆறு மாதம் வரைகூட இருக்கும். ஈரமண்ணில் பாக்டீரியாக்கள் சில வாரங்களில் சிதைத்துவிடும், உண்மைதான். ஆனால் ஒவ்வொரு பாய்ச்சலிலும் புதிதாக வந்து சேர்ந்தால்?

மண்புழு மண்ணைத் தின்று, தோலால் மூச்சு விடுகிற உயிர். இரண்டு வழியிலும் நஞ்சு உள்ளே போகும். பொதுவாகப் புழு சாவதற்கு முன்பே முட்டைக்கூடு குறைந்துவிடும். தொட்டியில் புழு நெளிகிறதே என்று நம்பியிருப்போம், அடுத்த தலைமுறை வந்திருக்காது. போதாததற்கு, அழுகும் பாசி அம்மோனியாவைக் கக்கும், காற்றையும் அடைக்கும்.

2007-இல் சீனாவின் தாய்ஹு ஏரியில் பாசி பொங்கி வூஷி நகரத்துக் குடிநீரே நாறியது. அதன்பின் அங்கே பாசியை வாரி எடுக்கிறார்கள். வாரியதை எங்கே கொட்டுவது என்பது தனித் தலைவலி. குடிநீரில் மைக்ரோசிஸ்டினுக்கு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு வைத்திருக்கிறது. அது மனிதருக்கான கணக்கு. மண்ணுயிருக்கும் ஒரு கணக்கு வேண்டாமா?

அதுவரை புழுவிடமே கேளுங்கள். ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நடுவில் அட்டையால் தடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மண். ஒன்றைக் கிணற்றுத் தண்ணீராலும் மற்றதை ஏரித் தண்ணீராலும் ஒரே அளவு நனையுங்கள். பிடித்தால் உருண்டையாக வேண்டும், சொட்டக் கூடாது. அட்டையை எடுத்துவிட்டு, கழுத்துப்பட்டை (வளர்ந்த புழுவின் உடலில் தெரியும் தடித்த வளையம்) தெரியும் 10 புழுக்களை நடுக்கோட்டில் விடுங்கள். துளையிட்ட மூடி போட்டு நிழலில் வையுங்கள். 48 மணி நேரம் கழித்து அட்டையை மறுபடி செருகி எண்ணுங்கள். ஒரே டப்பாவை நம்பாமல் நாலைந்து வையுங்கள். சராசரியாகப் பத்தில் எட்டுக்கு மேல் கிணற்றுப் பக்கம் ஓடியிருந்தால் அந்தத் தண்ணீர் ஆகாது. விரட்டியது நஞ்சா, அம்மோனியாவா, உப்பா என்று இதில் தெரியாது. எதுவானாலும் புழுவுக்குப் பிடிக்கவில்லை.

ஏரித் தண்ணீரை விட்டால் வயலுக்கு வேறு வழியில்லை என்றால், காற்று ஆடையை ஒதுக்கும் கரையில் மோட்டார் வைக்காதீர்கள். எதிர்க்கரையில், ஆடைக்குக் கீழே, சேற்றைத் தொடாத ஆழத்தில் உறிஞ்சு குழாயின் அடிமுனை (ஃபுட்வால்வ்) இருக்கட்டும். மண்புழுத் தொட்டிக்கு மட்டும் கிணற்றுத் தண்ணீர்தான்.