‘கோல்ட்ஃபிங்கர்’ நடிகை தங்கப் பூச்சால் இறக்கவில்லை

1964-இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படமான ‘கோல்ட்ஃபிங்கர்’ பற்றிப் பேச்சு வந்தாலே, “உடம்பு முழுக்கத் தங்க வண்ணம் பூசியதில் மூச்சுத் திணறி அந்த நடிகை படப்பிடிப்பிலேயே இறந்துவிட்டார்” என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். இது பொய்.

படத்தில் தங்க வண்ணம் பூசிக் கொல்லப்படும் ஜில் மாஸ்டர்சன் என்ற பெண்ணாக நடித்தவர் ஷெர்லி ஈட்டன். படம் வந்த பிறகும் 1960களின் இறுதிவரை நடித்தார். குடும்பத்துக்காகத் தானே நடிப்பை விட்டார். 1999-இல் சுயசரிதையும் எழுதினார்.

வதந்தியின் விதை படத்திலேயே இருக்கிறது. கட்டிலில் குப்புறக் கிடக்கும் ஜில் மாஸ்டர்சன், தோல் மூச்சுவிட முடியாமல் இறந்ததாகக் கதையில் ஜேம்ஸ் பாண்ட் தானே விளக்கம் சொல்கிறார். கதாபாத்திரத்தின் மரணம் நடிகையின் தலையில் விழுந்துவிட்டது.

அந்த விளக்கமும் தவறுதான். நமக்கு வேண்டிய ஆக்சிஜன் மூக்கு, வாய் வழியாக நுரையீரலுக்குத்தான் போகிறது. தோலை மூடினால் மூச்சு நிற்காது. ஆனால் ஆபத்தே இல்லை என்றும் சொல்ல முடியாது: வியர்வை வெளியேறாமல் நெடுநேரம் இருந்தால் உடல் சூடு ஏறும், பூச்சில் நச்சு இருந்தால் அதுவும் கெடுதல். ‘தி விசார்ட் ஆஃப் ஓஸ்’ படத்தில் தகர மனிதனாக நடிக்கத் தொடங்கிய பட்டி எப்சன், ஒப்பனையின் அலுமினியத் தூளை சுவாசித்து மருத்துவமனையில் சேர்ந்தார், வேடத்தையும் இழந்தார். அங்கேயும் பாதிக்கப்பட்டது நுரையீரல்தான்.

ஈட்டன் சில நிமிடமே திரையில் வருகிறார். அவ்வளவு குறைந்த நேரத்தில் மறக்க முடியாத நடிப்பைத் தந்தவரை இல்லாத மரணத்துக்காக நினைவில் வைத்திருப்பது அநியாயம்.