வடக்கே தலை வைக்கக் கூடாது என்பது ஃபெங் சூயி விதியா?

அண்ணா, 'ஃபெங் சூயியும் வடக்கே தலை வைத்துப் படுக்கவே கூடாது என்கிறது, அதனால் சத்துவாச்சாரி வீட்டில் கட்டிலைத் திருப்பிப் போட்டுவிட்டோம்' என்று மேலே எழுதியிருந்தீர்கள். அது அப்படி இல்லை. 'மரணம் வடக்கு' என்பது நம் பெரியவர்கள் சொல், வாஸ்துவும் அதையே சொல்லும். வாஸ்து போலச் சீனர்களின் இட அமைப்பு முறையான ஃபெங் சூயியில் எல்லோருக்கும் பொதுவாக விலக்கப்பட்ட திசை கிடையாது. அதன் எட்டு மாளிகை முறையில் நல்ல திசை ஆளுக்கு ஆள் மாறும். பிறந்த ஆண்டிலிருந்து வரும் குவா எண்தான் அதைச் சொல்லும்.

நீங்களே போட்டுப் பார்க்கலாம். 1987-ல் பிறந்த ஆண் என்றால் கடைசி இரண்டு இலக்கம் 8+7=15, அதைக் கூட்டினால் 6. பத்தில் ஆறு போக 4. (இது 2000-க்கு முன் பிறந்த ஆண்களுக்கான கணக்கு, பெண்களுக்குக் கழிக்காமல் 5 கூட்ட வேண்டும். ஜனவரியில் பிறந்தவர்கள் முந்தைய ஆண்டை எடுக்க வேண்டும், இந்தக் கணக்கில் சீன ஆண்டு பிப்ரவரி 4 வாக்கில்தான் பிறக்கும்.) இனி எந்த ஃபெங் சூயி புத்தகத்திலும் குவா 4-க்கான அட்டவணையைத் திறந்து பாருங்கள். ஷெங் சி, அதாவது முதல்தரத் திசை என்று போட்டிருப்பது வடக்கு! குவா 1, 3, 9-க்கும் வடக்கு நல்ல திசைப் பட்டியலில்தான் இருக்கிறது.

இதெல்லாம் பலிக்குமா என்பது வேறு பேச்சு, எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. வாஸ்துவுக்காகக் கட்டிலைத் திருப்பினீர்கள் என்றால் சரி, அப்படியே இருக்கட்டும். ஃபெங் சூயிக்காக என்றால் ஒருமுறை கணக்குப் போட்டுவிட்டு அப்புறம் நகர்த்துங்கள்.