அப்பா நேற்று வங்கிக்குப் போய்வந்தாராம்

செத்து 47 நாளான என் அப்பா நேற்று வங்கிக்குப் போய்வந்திருக்கிறார். நான் சொல்லவில்லை, வங்கியே சொல்கிறது. மத்தியானம் சோற்றில் கை வைத்த நேரம் அவருடைய போனில் டிங் என்றொரு சத்தம். "இன்று எமது கிளைக்கு வருகை தந்தமைக்கு நன்றி. எமது சேவைக்கு 1 முதல் 5 வரை புள்ளி வழங்குங்கள்."

அந்தக் கிளைக்குப் போனது நான். 64 ஆம் நம்பர் துண்டோடு ஒன்றரை மணித்தியாலம் குந்தியிருந்ததும் நான். "அவர் வராமல் ஒண்டும் செய்யேலாது" என்று திருப்பி அனுப்பப்பட்டதும் நான்தான்.

காசு எடுக்கப் போகவில்லை ஐயா. காசென்றால் வாரிசு, நோமினி, கோடு கச்சேரி என்று தனிப் புராணம் ஒன்று இருப்பது எனக்கும் தெரியும். ஒரேயொரு வசனம் சொல்லத்தான் போனேன்: இவர் இறந்துவிட்டார், ஏடிஎம் காட்டை நிறுத்துங்கள். அவ்வளவுதான்.

சாவைச் சொல்ல யாழ்ப்பாணத்தானுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. அப்பாவின் மூச்சு நின்று அரை மணித்தியாலத்தில் ரொறன்ரோவில் பெரியம்மா குளறத் தொடங்கிவிட்டா. விடியமுன் இணையத்தில் மரண அறிவித்தல், விடியப் பத்திரிகையில் படத்தோடு, பிறகு ஓட்டோவில் ஒலிபெருக்கி, பின்னேரம் சந்திச் சுவரெல்லாம் கண்ணீர் அஞ்சலி. கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியையும் முடித்து, கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகமும் அடித்துக் கொடுத்தாயிற்று. கிராம அலுவலரான விதானையார் செத்தவீட்டுக்கே வந்தவர். வீட்டில் நடந்த சாவென்றால் அவருடைய பி 24 அறிக்கை வேண்டும், 5 நாளுக்குள் பதிவாளருக்குச் சொல்லவேண்டும். அதெல்லாம் ஒழுங்காக நடந்து மரணச் சான்றிதழும் வந்துவிட்டது. பத்துப் பிரதி எடுத்தேன். பத்துக் காணுமா என்று அனுபவப்பட்டவர்கள் சிரிப்பது கேட்கிறது.

கவுண்டரில் இருந்த பிள்ளை சான்றிதழைப் பார்த்தா. திரையைப் பார்த்தா. திரும்பவும் சான்றிதழ். திரும்பவும் திரை. நெற்றி சுருங்கியது.

"அண்ணை, இதில இருக்கிற பேர் வேற, எங்கட சிஸ்ரத்தில இருக்கிற பேர் வேற."

'ணியம்' என்று முடியும் பெயர் உள்ள வீடுகளுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். ஆங்கிலத்தில் அதை ஒரு 'ஐ' போட்டு முடிப்பதா, இடையில் ஒரு 'வை'யும் செருகுவதா என்று பள்ளிக்கூடம் ஒருவிதமாக எழுதும், அடையாள அட்டை இன்னொரு விதமாக எழுதும். முருகன் ஒருவன்தான், எழுத்துத்தான் பல. வங்கியில் 'வை' இல்லை. சான்றிதழை ஆங்கிலமாக்கித் தந்த சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் காசு வாங்கிக்கொண்டு தாராளமாக ஒரு 'வை' போட்டுத் தந்திருக்கிறார்.

சரி, அதுதான் போகட்டும். குடும்பப் பெயர் என்ற கட்டத்துக்குள் அப்பப்பாவின் பெயரைப் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளை அதை வாசித்து, "இவர்தானே இறந்தது?" என்று கேட்டா. ஓம் தங்கச்சி, அவரும் இறந்துதான் போனார், 1974 இல். அதற்கும் ஒரு சான்றிதழ் கொண்டுவரவா? அடுத்தது அடையாள அட்டை. 12 இலக்கம் வேண்டுமாம். 12 இலக்கம் வந்ததே 2016 இல், அப்பாவிடம் இருந்தது 9 இலக்கமும் ஒரு 'வீ'யும் உள்ள பழைய அட்டை. முன்னால் 19, நடுவில் ஒரு பூச்சியம் சேர்த்தால் 12 ஆகும் என்று என் மகனுக்கே தெரியும். சிஸ்ரத்துக்குத் தெரியாதாம்.

கடைசியில் உள்ளே இருந்து ஒரு பெரியவர் எழும்பி வந்தார். கழுத்துப்பட்டி, மெல்லிய குரல்.

"ரெண்டு பேரும் ஒராளைத்தான் குறிக்குது எண்டு ஒரு சத்தியக்கடதாசி முடிச்சுத் தந்தால் காணும்."

"நல்லது. இப்பவே சமாதான நீதவானிட்டப் போய் முடிச்சுக்கொண்டு வாறன்."

"நீங்கள் இல்லை. பேருக்குரியவர்."

"எந்தப் பேருக்குரியவர்?"

"கணக்குக்குரியவர்."

"அவர் செத்துப்போனார்."

"அது விளங்குது தம்பி. ஆனா செத்தது அவர்தான் எண்டு எங்களுக்கு இன்னும் உறுதியாகேல்லையே. உறுதியாகும் வரைக்கும் அவர் எங்கட வாடிக்கையாளர். வாடிக்கையாளர் உயிரோட இருக்கேக்க அவருக்காக வேற ஆள் கையெழுத்து வைக்கேலாது."

இந்த வசனத்தை நேற்று இரவு முழுக்கப் புரண்டு புரண்டு யோசித்தேன். ஓட்டை பிடிபடவில்லை. அந்த மனிதர் எங்கேயோ தர்க்க சாத்திரம் படித்திருக்கிறார்.

அப்போதுதான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே கண் போனது. எதிர்ப்பக்க லைற் போஸ்ற்றில் அப்பா. கண்ணீர் அஞ்சலி. அரைவாசி முகத்தை ஓ.எல் கணித வகுப்பு நோட்டீஸ் ஒன்று மறைத்துவிட்டது, ஆனால் மற்ற அரைவாசியில் அவர் நன்றாகத்தான் சிரித்துக்கொண்டு நின்றார். "அங்கை பாருங்கோ" என்று கையைக் காட்டினேன். பெரியவரும் எட்டிப் பார்த்தார், பிள்ளையும் எட்டிப் பார்த்தா, 65 ஆம் நம்பர்க்காரரும் எழும்பி நின்று பார்த்தார். பெரியவர் திரையில் இருந்த படத்தையும் பார்த்துவிட்டு, "முகம் ஒண்டுதான்" என்று ஒத்துக்கொண்டார். எனக்கு ஒரு கணம் நம்பிக்கை வந்தது.

"ஆனா அதில சீல் இல்லையே தம்பி."

பகிடி விடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, மனிதர் உண்மையாகவே கவலைப்படுகிறார். கீரிமலையில் அப்பாவைக் கடலில் கரைத்தவன் நான். எந்தக் கரையில் போய் நின்று, "ஒரு கையெழுத்து வைக்கவேணும், வாங்கோ" என்று கூப்பிடுவது? வந்தாலும் 64 ஆம் நம்பருக்குக் காத்திருக்கிற ஆளா அவர்?

வீட்டுக்கு வந்து, மெசேஜைப் பார்த்து, சோற்றுக் கையோடு 1 ஐ அமத்தி அனுப்பினேன். அடுத்த நிமிடமே பதில். "தங்கள் கருத்துக்கு நன்றி. தங்களை மீண்டும் சந்திக்க ஆவலாக உள்ளோம்."

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். குழம்புச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, "ஆவலெண்டால் போய்ச் சந்திக்கட்டுமன்" என்றா. இரண்டு பேருமாகச் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு மாமி மதிலால் எட்டிப் பார்த்தா. செத்த வீட்டில் என்ன சிரிப்பு என்று நினைத்திருப்பா.

அது கிடக்க. பந்தல் போடவென்று எங்கள் ஏணியை எடுத்தவர்கள் இன்னும் கொண்டுவந்து தரவில்லை. எட்டுச் செலவன்று கோடிப்பக்கம் நின்றது, நானே பார்த்தேன். அந்தியேட்டியன்று இல்லை. ஓடு விலகி மழைத்தண்ணி அறைக்குள் ஒழுகுகிறது, ஏறிப் பார்க்க வழியில்லை. கொண்டுபோனவர் சான்றிதழ், சத்தியக்கடதாசி ஒன்றும் தரவேண்டாம். இரவோடிரவாக மதிலில் சாத்திவிட்டுப் போங்கள், ஆரென்று கேட்கமாட்டேன்.