சாம் பர்ஜஸ் என்றால் கன்ன எலும்பு மட்டும்தானா?

சாம் பர்ஜஸ் பேரை எடுத்தாலே போதும், ரக்பி லீக் பார்க்கிறவர்கள் நேராக ஆஸ்திரேலிய லீக்கின் 2014 ஃபைனலுக்குப் போய்விடுவார்கள். சிட்னியில் 83,833 பேர் முன்னால் சௌத் சிட்னியும் கேன்டர்பரி புல்டாக்ஸும் மோதிய ஆட்டம். கிக்-ஆஃப் பந்தை வாங்கிக்கொண்டு முதல் ஆளாக நேரே ஓடுகிறார், எதிரே வந்த ஜேம்ஸ் கிரஹாமின் தலை முகத்தில் மோதுகிறது, கன்ன எலும்பு உடைகிறது. வீங்கிய முகத்தோடு மீதி ஆட்டம் முழுக்க ஆடி, ஃபைனலின் சிறந்த ஆட்டக்காரருக்கான கிளைவ் சர்ச்சில் பதக்கத்தையும் வாங்கிவிட்டார். 43 வருடம் கழித்து சௌத் சிட்னிக்குக் கோப்பை. எல்லாம் சரி.

ஆனால் ஒரு மனுஷனின் இத்தனை வருட உழைப்பை அந்த ஒரு கிளிப்புக்குள் அடைத்துவிடுகிறார்களே, அங்கேதான் எனக்கு எரிச்சல் வருகிறது.

பர்ஜஸ் ஒரு ஃபார்வர்ட், அதாவது நடுவில் மோதி வழி திறக்கிற ஆள். ரக்பி லீக்கில் அந்த வேலை என்னவென்று பார்க்க வேண்டும். ஒரு அணியில் 13 பேர், பந்து கையில் இருக்கும்போது ஆறு டேக்கிள் (எதிரணி பிடித்துச் சாய்ப்பது) வரைதான் வாய்ப்பு, அதற்குள் முன்னேறியாக வேண்டும். ஓரத்தில் ஓடி, எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்து டிரை போடுகிறவன் படம்தான் மறுநாள் பேப்பரில் வரும். அவனுக்கு அந்த இடைவெளி கிடைப்பதற்கு முன்னால், 100 கிலோவுக்கு மேலே இருக்கிற நாலைந்து பேர், தங்களை நிறுத்த மூன்று பேர் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தே, நேராகப் போய் மோதி, விழுந்து, எழுந்து, பந்தைக் காலால் பின்னால் தள்ளிவிட்டிருப்பார்கள். பந்து கை மாறியதும் அதே ஆட்கள்தான் எதிரணியின் தடியன்களைத் தடுத்து நிறுத்த வேண்டும். நடுவில் ஆடுகிறவர்களைப் பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் வெளியே எடுத்து மூச்சு வாங்க விட்டு மறுபடி இறக்குவார்கள். அன்றைக்கு பர்ஜஸ் 80 நிமிடமும் உள்ளேயே இருந்தார். எலும்பு உடையாமல் இருந்திருந்தாலும் எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

இங்கிலாந்தில் யார்க்‌ஷயரின் டியூஸ்பரியில் பிறந்தவர். அப்பாவும் ரக்பி லீக் ஆடியவர்தான், நரம்புகளைத் தின்னும் மோட்டார் நியூரான் நோய் வந்து 2007இல் இறந்துபோனார். சாமுக்கு அப்போது 18 வயது. அதே வருடம் கிரேட் பிரிட்டன் அணிக்கு முதல் முறையாக இறங்கி, நியூசிலாந்தின் ஃபுய்ஃபுய் மொய்மொய் என்ற மலை மாதிரி ஆளை ஒரே டேக்கிளில் சாய்த்தான் அந்தப் பையன். அதைப் போய்ப் பாருங்கள். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் கிளப்பிலிருந்து 2010இல் சிட்னிக்குப் போனார், அண்ணன் தம்பி நாலு பேரும் 2013இல் ஒரே ஆட்டத்தில் சௌத் சிட்னிக்கு இறங்கினார்கள். அவர்கள் வீட்டுச் சாப்பாட்டுச் செலவை நினைத்தால் எனக்கே தலை சுற்றும்!

அப்புறம் 2014 கடைசியில், 15 பேர் ஆடுகிற, விதிகளே வேறான ரக்பி யூனியனுக்குப் போனார். இங்கிலாந்தின் பாத் கிளப் அவரை ஃபார்வர்டாக ஆட வைத்தது, இங்கிலாந்து கோச் 2015 உலகக்கோப்பைக்கு சென்டராக, அதாவது பின்வரிசை ஆளாக எடுத்தார். புது ஆட்டத்துக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் கிளப்பில் ஒரு இடம், நாட்டுக்கு வேறு இடம். வேல்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் இங்கிலாந்து முன்னிலையில் இருக்கும்போதுதான் அவரை வெளியே எடுத்தார்கள், அதற்குப் பிறகுதான் ஆட்டம் கைவிட்டுப் போனது. போட்டியை நடத்திய நாடே முதல் சுற்றோடு வெளியேறியதும் பழியைத் தூக்கி யார் தலையில் போட்டார்கள்? இவர் தலையில். யூனியன்காரர்களுக்கு லீக்காரன் என்றாலே ஒரு இளக்காரம் உண்டு என்பது என் அபிப்பிராயம், சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம். அந்த வருடமே சௌத் சிட்னிக்குத் திரும்பிவிட்டார்.

2019இல் தோள்பட்டைக் காயம் காலை வாரிவிட்டது. காண்டிராக்ட் பாக்கி இருக்கும்போதே 30 வயதில் ஓய்வு. கன்ன எலும்புக்குக் கைதட்டிய கூட்டத்தில் எத்தனை பேருக்கு இந்தத் தோள்பட்டை ஞாபகம் இருக்கிறது? இதே கிளப்பின் பழைய கேப்டன் ஜான் சாட்லர் 1970 ஃபைனலில் தாடை உடைந்தும் ஆடி ஜெயித்தார், அரை நூற்றாண்டாக அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே பையன்களை வளர்த்திருக்கிறார்கள். சாட்லரின் கடைசிக் காலம் மறதி நோயோடு போனது, 2023இல் இறந்தார். எது எதனால் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை, அது டாக்டர்கள் வேலை. ஆனால் வலியோடு ஆடியவன்தான் ஆண்பிள்ளை என்கிற பேச்சை இன்னும் எத்தனை நாளைக்கு ஓட்டுவது?

சிட்னி ரூஸ்டர்ஸ் கிளப்பின் கேப்டனாக இருந்த பாய்ட் கார்ட்னரும் ஃபார்வர்ட்தான். தலையில் திரும்பத் திரும்ப அடி பட்டதால் 2021இல், 29 வயதில், போதும் என்று நிறுத்திக்கொண்டார். என்னைக் கேட்டால் அதற்கு இன்னும் அதிகத் தைரியம் வேண்டும், ஆனால் அதற்கு யாரும் பதக்கம் கொடுப்பதில்லை.

2014 ஃபைனலைப் பார்க்கப் போகிறவர்கள் முதல் ஓட்டத்தோடு நிறுத்திவிடாதீர்கள். இரண்டாம் பாதியில் 6-6 என்று சமமாக நின்ற நேரத்திலிருந்து பாருங்கள். தம்பி ஜார்ஜ் நாலு பேரை உதறிக்கொண்டு போய் டிரை போடுவார், கடைசியில் 30-6. நடுவில் அந்த 13ஆம் நம்பர், சாம் பர்ஜஸ், எத்தனை தடவை விழுந்து எழுகிறார் என்று மட்டும் எண்ணிக்கொண்டே வாருங்கள்.