மணியாச்சி ஏன் ஜங்ஷன் ஆனது?

மணியாச்சி ஸ்டேஷன் என்றாலே எல்லோரும் நேராக 1911 ஜூன் 17-க்குப் போய்விடுகிறார்கள். திருநெல்வேலி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் அங்கே சுட்டுக் கொன்ற நாள். வாஞ்சிநாதன், ஆஷ், பிரவுனிங் துப்பாக்கி, அவ்வளவுதான். வாஞ்சி பெயரை ஸ்டேஷனுக்கு வைத்தது சரிதான், ஆனால் அந்த ஒரே நாளுக்குள் அதன் மொத்த வரலாற்றையும் அடைத்துவிடுவது எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிறது. கரிசல் காட்டுக்கு நடுவில், ஒரு சின்ன கிராமத்தில், ஜங்ஷன் எதற்கு வந்தது என்று யாராவது கேட்கிறோமா?

1876-இல் தென்னிந்திய ரயில்வே கம்பெனி மதுரையிலிருந்து தெற்கே மீட்டர்கேஜ் பாதை போட்டபோது அவர்கள் குறியெல்லாம் தூத்துக்குடி துறைமுகம்தான். கரிசல் பருத்தி கப்பலேற வேண்டும், இலங்கைக்குப் போகிற ஆட்களும் அங்கேதான் கப்பலேற வேண்டும். ஜில்லாவின் தலைநகர் திருநெல்வேலிக்கு மணியாச்சியிலிருந்து பிரிந்து போனது ஒரு கிளைப் பாதை. ஆக, கலெக்டரே ஆனாலும் வடக்கே போக வேண்டுமென்றால் மணியாச்சிக்கு வந்து தூத்துக்குடியிலிருந்து வருகிற வண்டிக்குக் காத்திருந்துதான் ஆக வேண்டும்.

ஆஷும் காத்திருந்தார். கொடைக்கானலில் இருந்த பிள்ளைகளைப் பார்க்க மனைவியோடு கிளம்பியவர். நெல்லை வண்டி 10.38-க்கு வந்து நிற்கிறது, தூத்துக்குடியிலிருந்து சிலோன் போட் மெயில், அதாவது இலங்கைக் கப்பல் பயணிகளுக்கான ரயில், 10.48-க்கு வர வேண்டும். முதல் வகுப்புப் பெட்டியில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்த அந்த இடைவெளியில்தான் வாஞ்சி ஏறினார், சுட்டார், பிளாட்பாரக் கழிப்பறைக்குள் ஓடித் தன்னையும் சுட்டுக்கொண்டார். வாஞ்சியை அங்கே வரவழைத்தது அரசியல். ஆஷை அந்தப் பத்து நிமிஷம் அங்கே உட்கார வைத்தது பருத்திக்காகப் போட்ட பாதை. வ.உ.சி. சுதேசிக் கப்பல் விட்டதும், 1908-இல் கோரல் மில் என்ற நூற்பாலையின் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்களோடு நின்றதும் இதே பாதையின் கடைசி முனையில்தான், அப்போது அங்கே அதிகாரியாக இருந்தவரும் இதே ஆஷ்தான். இதையெல்லாம் தனித்தனியாகச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு என்ன புரியும்?

1914-இல் பாம்பன் பாலம் வந்தது, போட் மெயில் தனுஷ்கோடிக்குப் போய்விட்டது. இருந்தாலும் மணியாச்சிக்கு ஜங்ஷன் வேலை ஓயவில்லை. முன்பெல்லாம் குருவாயூர் எக்ஸ்பிரஸில் தூத்துக்குடி லிங்க் பெட்டிகளை (தூத்துக்குடிப் பயணிகளுக்கான இணைப்புப் பெட்டிகளை) இங்கேதான் மாட்டுவார்கள். ஷண்டிங் இடியில் பெட்டி குலுங்கி, தூங்குகிற குழந்தைகள் அழ ஆரம்பிக்க, "ஒண்ணுமில்ல, மணியாச்சிதான்" என்று பெரியவர்கள் தட்டிக் கொடுப்பார்கள். தெற்கத்திக்காரர்கள் பலருக்கு இது நினைவிருக்கும்.

இப்போது இரட்டைப் பாதையும் வந்தாயிற்று. உங்கள் வீட்டில் தாத்தாவோ பெரியப்பாவோ மணியாச்சியில் பாயின்ட்ஸ்மேனாக, கேட்கீப்பராக, ஸ்டேஷன் மாஸ்டராக இருந்திருந்தால் தயவுசெய்து அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள், பழைய போட்டோ இருந்தால் இங்கே போடுங்கள்.