பிரியாணியில் மாத்திரையாம்

அவனுக்கும் எனக்கும் முப்பது வருடச் சிநேகிதம். தினமும் காலையில் ஒரே டீக்கடை, ஒரே பெஞ்சு. போன வாரம் அந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டுதான், "பாய் கடைப் பிரியாணியில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள், தெரியுமா?" என்றான். பக்கத்து பெஞ்சில் மெக்கானிக் பாய் இருந்தார். டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். இவன் கல்யாணத்துக்கு விடிய விடிய தேக்சா அருகே நின்றவர் அவர்.

எனக்கு வயிறு எரிகிறது. அப்படி ஒரு மாத்திரை மருத்துவத்திலேயே கிடையாது. இதே புரளியை இலங்கையில் கிளப்பி, 2018 பிப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் கடைகளையும் பள்ளிவாசலையும் அடித்து நொறுக்கினார்கள். பிறகு அரசுப் பகுப்பாய்வாளர் அந்த உணவைச் சோதித்தபோது இருந்தது வெறும் மாவுக் கட்டி! அதைச் சொன்னேன். "எனக்கு வந்ததைச் சொன்னேன், நீ ஏன் கொதிக்கிறாய்?" என்கிறான். வந்ததையெல்லாம் வாயில் போட்டு மெல்லுவானா ஒரு மனிதன்? ஒவ்வொரு பெருநாளுக்கும் பாய் வீட்டுத் தூக்குவாளி இவன் வீட்டுக்குத்தானே முதலில் போகிறது? அதைத் தின்று வளர்ந்த இவன் பிள்ளைகள் இரண்டும் இன்று கல்லூரியில் படிக்கின்றன.

சின்ன ஊர். ஒளிந்துகொள்ள வேறு டீக்கடைகூட இல்லை. பாய் இப்போது வீட்டிலேயே டீ குடித்துவிட்டு வருகிறார். என்னைப் பார்த்தாலும் தலையை மட்டும் ஆட்டுகிறார். அவரிடம் போய் மன்னிப்புக் கேள் என்று மூன்று முறை சொல்லிவிட்டேன். "பார்க்கலாம்" என்கிறான்.